கோடு ஏறினால் மலை ஏறியதாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்கட்கிழமை தங்கள் இதழின் மாணவர் பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொலைவு–நேர வரைபடம் பற்றி அரைப் பக்கம் வந்திருந்தது. நீலகிரி மலை ரயிலும் ஒரு பேருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் போவதாக இரண்டு கோடுகள். நம்ம ஊர் ரயிலைப் போட்டிருக்கிறார்களே என்று சந்தோஷமாகப் பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் வந்து உட்காருவதற்குள் படத்தின் கீழே இருந்த வரிகளைப் படித்துவிட்டேன். பிறகு அவளுக்குக் காட்ட மனம் வரவில்லை.

“ரயிலின் கோடு மேல்நோக்கிச் செல்வதிலிருந்து அது மலையேறுகிறது என அறியலாம்” என்று ஒரு வரி. “இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பேருந்தும் ரயிலும் ஒரே வேகத்தில் செல்கின்றன” என்று அடுத்த வரி. கோட்டுக்கு அடியில் தேயிலைச் செடிகள், கோட்டின் மேல் புகைவிடும் குட்டி ரயில்.

இரண்டு வரியும் தவறு. இது தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தவர்கள் கையெழுத்திட்டு அச்சுக்கு அனுப்பியதுதான் எனக்கு வருத்தம்.

நான் 31 வருடம் இந்த மலையில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். சமவெளிப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு சிக்கல் எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் உண்டு. சாய்வு என்றால் அவர்களுக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தேயிலைச் சரிவுதான். வரைபடத்தாளில் ஒரு கோட்டைச் சாய்வாகப் போட்டால் மலையைப் போட்டுவிட்டதாகவே நினைப்பார்கள். அந்த நினைப்பை அவர்களிடமிருந்து எடுப்பதற்கே எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். தங்கள் பக்கம் அதை ஒரே காலையில் திரும்ப உள்ளே வைத்துவிட்டது.

அதே ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை 46 கி.மீ. ஏறும்போது ஏறக்குறைய ஐந்து மணி நேரம், இறங்கும்போது மூன்றரை மணி நேரம். மணிக்கு 9 கி.மீ. சொச்சத்தில் ஏறும் வண்டி, 13 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது. கடந்த தொலைவைக் குறித்தால் இறங்கும் வண்டியின் கோடும் மேல்நோக்கித்தான் போகும். சும்மா போகாது, ஏறும் வண்டியின் கோட்டைவிடச் செங்குத்தாகப் போகும். தங்கள் விளக்கத்தின்படி பார்த்தால் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் ரயில்தான் பெரிய மலையை ஏறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் ஏற்றம், மிகச் செங்குத்தான இடங்களில், ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி. நடுவில், இன்ஜினின் பல் சக்கரம் பற்றிக்கொள்ளும் பல் தண்டவாளம் இருப்பதால்தான் வண்டியால் ஏறவே முடிகிறது. தண்ணீர் பிடிக்க வேறு நிற்கும். குன்னூர் வரையுள்ள 28 கி.மீ.க்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். குன்னூர் தாண்டினால் ஏற்றம் குறைவு, பல் தண்டவாளம் கிடையாது, மீதி 18 கி.மீ. ஒன்றேகால் மணி நேரம் போலத்தான். இதைத் தாளில் வரைந்து பாருங்கள். மலை எங்கே செங்குத்தாக இருக்கிறதோ அங்கே கோடு சரிந்து படுக்கிறது. ஏற்றம் குறைந்த இடத்தில் கோடு நிமிர்கிறது. இவ்வளவு நல்ல எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் வேறெங்கும் கிடைக்காது. அதைக் கையில் எடுத்தும் தலைகீழாகச் சொல்லிவிட்டீர்களே!

என் அப்பா அந்த ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். பல் தண்டவாளப் பகுதியில் பெட்டிக்கு ஒருவர் நின்று, இன்ஜின் விசிலைக் கேட்டுப் பிரேக் போடுவார்கள். அப்பா ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் ரயில்வே கட்டுப்பாட்டு அறையின் சார்ட்டைப் பற்றிச் சொல்வார்: “கோடு படுத்துக்கிட்டா வண்டி நிக்குதுன்னு அர்த்தம். நிமிந்தா ஓடுது. அவ்வளவுதாம்மா.” ஒற்றைப் பாதையில் எந்த வண்டி எந்த ஸ்டேஷனில் எதற்கு வழிவிட வேண்டும் என்பதை அந்தக் கோடுகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். கோட்டைத் தப்பாகப் படித்தால் அங்கே என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பேருந்துக்கு வரைபடம் போடச் சொன்னேன். அவன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் வரைந்து கொண்டுவந்தான். கோடு வலப்பக்கம் போய், மடங்கி இடப்பக்கம் வந்து, மறுபடி வலப்பக்கம் போனது. நான் திட்டவில்லை. அவனுடைய ஸ்கேலை எடுத்து ஒன்பது மணிக்கு நேராக நிமிர்த்தி வைத்தேன். “கோடு ஸ்கேலை எத்தனை இடத்துல தொடுது?” என்றேன். எண்ணிப் பார்த்து, “மூணு டீச்சர்” என்றான். “அப்போ ஒன்பது மணிக்கு பஸ் எங்கே இருக்கு?” கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு ரப்பரை எடுத்துத் தாள் கிழிகிற அளவுக்கு அழித்தான். அழித்த இடத்தில் ஒரே திசையில் போகும் கோட்டைப் போட்டுவிட்டு, “பஸ் திரும்பும், மணி திரும்பாது” என்று அவனாகவே சொன்னான். அந்தப் பையன் இன்று தங்கள் பக்கத்தைப் பார்த்திருந்தால் அந்த ரப்பரை ஏன் எடுத்தோம் என்றல்லவா நினைப்பான்?

வெட்டும் புள்ளிக்கு வருகிறேன். அந்த நேரத்தில் இரண்டு வண்டிகளும் புறப்பட்ட இடத்திலிருந்து ஒரே தொலைவைக் கடந்திருக்கின்றன. அவ்வளவுதான் அதற்குப் பொருள். பின்னால் கிளம்பிய பேருந்து ரயிலை அங்கே பிடித்துவிட்டது. ஒரே வேகமாக இருந்தால் பிடித்திருக்கவே முடியாது. இரு கோடுகளும் இணையாகத்தான் போயிருக்கும். அந்தப் புள்ளிக்கு முன்னால் ரயிலின் கோடு மேலே இருக்கிறது என்பதால் ரயில் வேகமானது என்றும் ஆகாது. மேலே இருப்பது முன்னால் இருப்பதைக் காட்டும், வேகத்தைக் காட்டுவது சாய்வு. பிள்ளைகள் எந்த ஊரிலும் தடுக்கி விழுகிற இடம் இது. அங்கே கை கொடுக்க வேண்டிய பக்கம் தங்களுடையது.

எழுத உட்கார்ந்ததும் பழையது எல்லாம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சில வருடம் முன்பு மலை மருத்துவ வசதி பற்றித் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ.தான், ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று எழுதியிருந்தார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி. இரவு 9.10-க்குக் கிளம்பினோம். 9.40-க்கு ஒரு வளைவில் மரம் விழுந்து கிடந்தது. அறுத்து நகர்த்தி வண்டி கிளம்பும்போது 10.35. மேட்டுப்பாளையம் சேர்ந்தது 11.15. சராசரி போட்டால் மணிக்கு 16 கி.மீ. வரும். ஓடியபோது வண்டி 28-ல் ஓடியது, நின்றபோது பூச்சியம். அந்த 55 நிமிடப் படுக்கைக் கோட்டில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். நல்ல காலம், பிழைத்துக்கொண்டார். சராசரி மறைக்கிறதை வரைபடம் காட்டும் என்று அப்போதே தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளியாகவில்லை. பதிலும் இல்லை.

மே மாதம் மலர்க் கண்காட்சி என்றால் எங்கள் ரயில் முதல் பக்கத்தில் வண்ணத்தில் வருகிறது. மண்சரிந்தால் அடுத்த நாள் வருகிறது. மற்ற நாளில் இங்கே பள்ளிக்கூடங்களும் நடக்கின்றன, ஆசிரியர் அவர்களே. மாணவர் பக்கத்தின் வினாடி வினாவுக்கு நான்கு நாளில் விடை வந்து சேர வேண்டும் என்கிறீர்கள். எங்கள் கிராமங்களுக்கு இதழே மதியத்துக்கு மேல்தான் வருகிறது. தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும்? என் மாணவிகள் எத்தனையோ பேர் அஞ்சலட்டை வாங்கி எழுதி வைத்துக்கொண்டு, தேதி போய்விட்டது என்று என்னிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அதே மாணவர் பக்கத்தில், அதே அளவில், சரியான வரைபடத்தை வெளியிடுங்கள். ஏழாம் பக்கத்தின் மூலையில் இரண்டு வரித் திருத்தம் போட்டால் எந்தப் பிள்ளையின் கண்ணிலும் படாது. கோட்டின் மேல் ரயிலும் வேண்டாம், கீழே தேயிலையும் வேண்டாம். x-அச்சில் நேரம், y-அச்சில் தொலைவு என்று தெளிவாக எழுதி, ஏறும் வண்டிக்கு ஒரு கோடும் இறங்கும் வண்டிக்கு ஒரு கோடும் போட்டால் போதும்.

தங்கள் ஓவியருக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே வரைபடத்தாளில் பென்சிலால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சென்டிமீட்டருக்கு 5 கி.மீ., ஒரு சென்டிமீட்டருக்கு அரை மணி நேரம். மடிப்பு கோடுகளின் மேல் விழாதபடி பார்த்து மடித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்