போனில் படிக்கிறவர்களையும் நினையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுத் தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் பற்றி உங்கள் இணையப் பக்கத்தில் வந்த கட்டுரையை அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டலாம் என்று திண்ணையில் போனோடு உட்கார்ந்தேன். கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றி, சூளையே இல்லாமல் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிற அந்த வேலையை அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் மொத்தத்தையும் ஒரே பத்தியாகப் போட்டிருக்கிறீர்கள், எங்கே விட்டேன் என்று தேடுவதிலேயே பாதி நேரம் போய்விட்டது. மூன்று நான்கு வாக்கியத்துக்கு ஒரு பத்தி பிரித்தால் போதும்.

எழுத்தும் வெளிர் சாம்பல் நிறம். வெயிலில் சுத்தமாகத் தெரியவில்லை.

தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாகவே வேண்டும். மேலே புள்ளி, கீழே உகரச் சுழி என்று வருகிற எழுத்து இது, வரிகள் நெருங்கினால் ஒன்றோடொன்று இடிக்கும், புள்ளி மறைந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும். நம் சொற்களும் நீளம், அதனால் இரண்டு ஓரத்தையும் சமமாக இழுத்துக் கட்டினால் போன் அகலத்தில் நடுவே ஓட்டை ஓட்டையாக நிற்கிறது. இடது ஓரம் மட்டும் சீராக இருக்கட்டுமே.

அப்புறம், காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த விவரத்தைப் படமாகப் போட்டிருந்தீர்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் பெரிதாக்கினால் மங்குகிறது, பார்வையற்றவர்களுக்கு வாசித்துச் சொல்லும் செயலிகள் பலவற்றுக்கும் அது எட்டாது. தயவுசெய்து எழுத்தாகவே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், காரைக்குடி