2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் சமூக மன்றத்தில் நடந்தது. ஏப்ரலில், தமிழ்மொழி விழாவையொட்டிப் பேச்சுப் போட்டி நடத்தினோம். தீபாவளி விருந்துக்கு அரங்கம் நிறைந்தது.

சனிக்கிழமை வகுப்பைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மூத்தோருக்குச் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்), பேநவ் (கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் சேவை) இரண்டையும் கற்றுத்தருகிறார்கள். பிறகு மூத்தோர், தமிழ் வாய்மொழித் தேர்வுக்காக மாணவர்களைப் பேசிப் பழக்குகிறார்கள். இந்த இலவசத் துணைப்பாட வகுப்பால் சங்கத்துக்கு என்ன பயன் என்று செயற்குழுவில் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் ஒரு சனிக்கிழமைகூட வந்து பார்த்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

துறைமுகத்தில் வேலை பார்த்த ஐயா ஒருவர் நம் கூட்டங்களில் வாய் திறந்ததே இல்லை. 1972இல் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் வருவதற்கு முன்பு சரக்கை எப்படி இறக்கினீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அடுத்த வாரம் அவர் கப்பலின் படம் வரைந்து எடுத்து வந்தார். இப்போது அவள் வராவிட்டால் என்னிடம் விசாரிக்கிறார்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் வாழ்க்கையை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். நடுவயதில் அடுத்த தலைமுறையை ஆளாக்கும் அக்கறை வளர வேண்டும், இல்லையேல் மனம் தேங்கிவிடும் என்பது அவர் கருத்து. பெரியவர்களுக்கும் தாங்கள் பிறருக்குத் தேவைப்படுகிறோம் என்ற உணர்வு வேண்டும், தாங்கள் வளர்த்தவர்களிடமிருந்தே வழிகாட்டலும் வேண்டும் என்றார். அமெரிக்காவின் பால்டிமோரில் 60 வயதைக் கடந்தவர்களைத் தொடக்கப்பள்ளிகளுக்கு வாரம் 15 மணி நேரம் அனுப்பிய திட்டமும், பிள்ளைகளின் படிப்போடு அந்த முதியோரின் உடல், மன நலத்தையும் நோக்கமாகக் கொண்டதுதான்.

நம் வகுப்பில் இல்லாதவர்கள் அந்த நடுவயதினரே. பிள்ளையை இறக்கிவிடுகிறார்கள், அப்பாவை நாற்காலியில் அமர்த்துகிறார்கள், பிறகு காருக்குப் போய்விடுகிறார்கள். வேலைச் சோர்வு எனக்கும் தெரியும். ஆனால், தந்தை தம் பேத்தி வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்பதை மகன் பார்க்காமலேயே போவது எனக்குப் பெரும் வருத்தம்.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய சமம். விருந்துச் செலவு சற்றுக் கூடியது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. ஆண்டுச் சந்தா 24 வெள்ளிதான். விருந்துக்குக் குடும்பத்தோடு வந்தவர்களிலேயே பலர் இன்னும் செலுத்தவில்லை. நினைவூட்டல் அனுப்பினால் பதிலும் இல்லை.

தலைவர், பொருளாளர், சமையலுக்கு உதவிய மகளிர் அணி, சமூக மன்ற ஊழியர்கள் ஆகியோருக்கு நன்றி.

வரும் ஆண்டில் மூத்த மாணவர்கள் சிலர் தேர்வு முடித்துச் சென்றுவிடுவார்கள். வகுப்பை ஒருவரே தாங்க முடியாது. நாற்பதைக் கடந்த உறுப்பினர்களில் இருவராவது பொறுப்பேற்றால் நானும் செயலாளராகத் தொடர விரும்புகிறேன். ஜனவரி முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்கு மேசை போட ஆள் வேண்டும். நிலுவைச் சந்தாவையும் அன்றே அங்கே செலுத்தலாம்.

செயலாளர்