ரத்தம் எடுத்தவர்கள் முடிவையும் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களில் வைரஸ் காய்ச்சல்களை ஆராயும் நோய் எதிர்ப்பியல் பேராசிரியரைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு குறையும் உண்டு. நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். ஆய்வுக் குழுக்களோடு வீடு வீடாகப் போய், "கொஞ்சம் ரத்தம்தான், கொடுங்கம்மா" என்று கேட்டிருக்கிறேன். நம்பிக் கையை நீட்டினார்கள். முடிவை மட்டும் யாரும் அவர்களிடம் வந்து சொல்லவில்லை.

டெங்குவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனால் அதே வகை மீண்டும் தாக்குவது அரிது; மற்ற மூன்றிடமிருந்து சில மாதப் பாதுகாப்புதான். அப்புறம் வேறு வகை தொற்றினால், முதல் தொற்றின்போது கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய பழைய ஆன்டிபாடிகள் அதை அழிக்காமல், செல்லுக்குள் நுழையவே வழிவிட்டுவிடலாம். இரண்டாவது டெங்கு கடுமையாவதற்கு இது முக்கியக் காரணம். முதல் தொற்றோ பலருக்குக் காய்ச்சலே இல்லாமல் கடந்துவிடும். வந்ததா இல்லையா என்பது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இது தெரியாமல் போனால் என்னவாகும்? பிலிப்பைன்ஸில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு டெங்கு தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். முன்பு டெங்கு வராதவர்கள் ஊசி போட்டபின் தொற்றுக்கு ஆளானால் நோய் கடுமையாகலாம் என்று 2017-ல் தயாரித்த நிறுவனமே சொன்னது. திட்டம் நின்றது. எத்தனை தாய்மார்கள் தவித்திருப்பார்கள்! அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம், முதலில் ரத்தம் பார்த்துவிட்டு அந்த ஊசியைப் போடுவதே நல்லது என்றது.

ஆகவே பேராசிரியரிடம் என் வேண்டுகோள்: யாருக்கு முன்பே டெங்கு வந்திருக்கிறது என்பதை ஒரு சீட்டில் எழுதி அந்தந்த வீட்டில் கொடுங்கள். 'வரவில்லை' என்று இருந்தால் பயமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, அதையும் விளக்குங்கள். காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்று பலருக்குத் தெரியாது. பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று சீட்டின் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க அந்த ஊர் செவிலியர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்