எத்தனை கிலோ குறைந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் பருமன் ஆபரேஷன் பற்றி ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் வந்ததைப் படித்தேன். பக்கம் முழுக்க கிலோ கணக்கு, முன்னால் ஒரு போட்டோ, பின்னால் ஒரு போட்டோ, அதுவும் அழகுக் குறிப்புகளுக்கு நடுவில். அதே ஆபரேஷன் செய்துகொண்டவன் என்பதால் சொல்கிறேன், அதை அந்தப் பக்கத்தில் போட்டிருக்கக் கூடாது.

நான் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறேன். விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவதுதான் பிழைப்பு. ஆபரேஷனுக்கு முன்னால் எடை 128 கிலோ. பத்து வருஷ சுகர், இரண்டு வேளை இன்சுலின் ஊசி, பிரஷருக்கு இரண்டு மாத்திரை. இதெல்லாம் பழகிப்போயிருந்தது. தூக்கம்தான் படுத்தியது. ராத்திரி முழுக்கப் படுத்துக் கிடந்தும் கண் எரிச்சலோடுதான் எழுவேன், என் குறட்டை தாங்காமல் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் இறக்கத்தில், கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், கண் சொருகிவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா என் தோளில் ஓங்கி அடித்து "ஏப்பா, ஏப்பா!" என்று கத்தியதில்தான் முழித்தேன். பின்னால் எட்டுப் பெண்கள், மடியில் தூக்குவாளியோடு. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

தூக்கத்தில் வைத்துச் சோதித்ததில் மணிக்கு நாற்பது தடவைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்று தெரிந்தது. ஸ்லீப் ஆப்னியா. நாக்கிலும் தொண்டையைச் சுற்றியும் சேர்ந்த கொழுப்பு, தூங்கும்போது மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறதாம். கொஞ்ச நாள், காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிற மாஸ்க் மாட்டித் தூங்கினேன், அப்புறம் இரைப்பை பைபாஸ் ஆபரேஷன். இரைப்பையைச் சின்னப் பையாக்கி, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே இணைத்துவிடுகிறார்கள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வரும்போதே இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். எடை இரண்டு கிலோகூட இறங்கவில்லை, சுகர் இறங்கிவிட்டது! சாப்பாடு குறைந்தது ஒரு காரணம். இன்னொன்று, சாப்பாடு சீக்கிரமே கீழ்க்குடலுக்குப் போய்விடுவதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் நிறையச் சுரந்து, உடம்பில் இருக்கிற இன்சுலினைத் தட்டி எழுப்புகிறதாம். பிறகு பிரஷர் மாத்திரை ஒன்றானது. ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதித்துப் பார்த்து, மாஸ்க் வேண்டாம் என்றார் டாக்டர். இப்போது 97 கிலோ. ஊரில் பார்க்கிறவர்கள் "இவ்வளவு செலவு பண்ணியும் குண்டாத்தானப்பா இருக்கே" என்கிறார்கள். சரி, இருக்கிறேன். வளைவில் கண் திறந்திருக்கிறது.

ஸ்வீடனில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவு ஆட்களையும் வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களில் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைவு என்று 2007இல் வெளியிட்டார்கள். இதையல்லவா முதலில் போட வேண்டும்?

முதலில் என் இன்சூரன்ஸ் கம்பெனியும் உங்கள் பக்கம் மாதிரிதான், அழகுக்காகச் செய்வது என்று பணம் தர மறுத்தது. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற கணக்கு, 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து கட்டுப்படாத சுகர், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, இதய நோய் இருந்தாலோ, டாக்டர் சொல்லிச் செய்கிற இந்த ஆபரேஷனைத் தள்ளக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2019இலேயே சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி இரண்டாம் முறை எழுதிப் போட்ட பிறகுதான் பணம் வந்தது.

கஷ்டம் இல்லாமல் இல்லை. பி12, இரும்புச்சத்து, கால்சியம் ஆயுசுக்கும் எடுக்க வேண்டும். கல்யாண வீட்டில் இரண்டு ஜாங்கிரி தின்றால் நெஞ்சு படபடத்து வேர்த்துக் கொட்டும். சிலருக்குச் சில வருஷம் கழித்து சுகர் திரும்பவும் வரலாம். இதையும் எழுதுங்கள், ஒளிக்க வேண்டாம். ஆனால் மருத்துவப் பக்கத்தில் எழுதுங்கள், அந்த 2019 விதியோடு. எங்கள் ஸ்டாண்டில் இன்னும் இரண்டு டிரைவர்கள் ஆள் ஏறுகிற நேரத்தில் ஸ்டியரிங்கில் தலை வைத்துத் தூங்குகிறார்கள், அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

ஒரு ஜீப் ஓட்டுநர்,
கம்பம், தேனி மாவட்டம்