அக்காவுக்கு இடம் பார்ப்பது பற்றி

கோயம்புத்தூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பார்வதி அக்காவுக்கு இனிமேல் கீமோ கொடுப்பதில் பயனில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். உறையூரில் நாம் ஒரே தெருவில் இருந்த காலத்தில், பரீட்சைக்குக் கிளம்பும் நாளெல்லாம் உனக்குப் பூசிய கையோடு எனக்கும் திருநீறு பூசி அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களுக்காக நல்ல ஹாஸ்பைஸ், அதாவது குணமாகாத நோயாளியின் வலியைத் தணித்துக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இடம், பார்க்க வேண்டும், ஆனால் எதை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறாய். அண்ணனை வீட்டில் வைத்துப் பார்த்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டதை, பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்.

கார்த்திக் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய விவரங்களைப் பார்த்தேன். அங்கே முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் 1983 முதல் ஹாஸ்பைஸ் செலவை ஏற்கிறது. நோய் அதன் போக்கில் போனால் ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று மருத்துவர்கள் சான்று தர வேண்டும். நோயாளி இறந்த பிறகு குடும்பத்தாருக்குக் கேள்வித்தாள் அனுப்பி, பதில்களைத் தொகுத்து, எந்த நிறுவனம் எப்படி என்பதை அரசே வெளியிடுகிறது. நம் ஊரில் அதற்கு ஈடான பட்டியல் எதையும் நான் கண்டதில்லை. கூகுள் நட்சத்திரங்களை நம்பாதே. நான் நம்பித்தான் முதலில் ஏமாந்தேன். ஆனால் அந்தக் கேள்வித்தாளில் இருப்பவை நல்ல கேள்விகள். இரவிலும் விடுமுறையிலும் கூப்பிட்டபோது உதவி வந்ததா, வலிக்கு வேண்டிய அளவு மருந்து கிடைத்ததா, மருந்து கொடுக்கவும் படுக்கையில் புரட்டவும் வீட்டாருக்குக் கற்றுக் கொடுத்தார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். அங்கே எல்லாம் முடிந்த பிறகு கேட்பதை நாம் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு.

போகும் இடத்தில் நீ முதலில் கேட்க வேண்டியது, வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை, அதாவது அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து, கையிருப்பில் இருக்கிறதா என்பது. அறை எப்படி, சாப்பாடு எப்படி, மாதம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு. "தேவைப்பட்டால் ஏற்பாடு செய்து தருவோம்" என்று பதில் வந்தால், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடு. புற்றுநோய் வலிக்குச் சாதாரண மாத்திரையில் தொடங்கிப் படிப்படியாக மார்ஃபின் வரை போகும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்துக் கொடுத்துவிட்டது. நம் நாட்டிலோ, அதற்கு முந்தைய ஆண்டு வந்த போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளை மிரட்டி வைத்திருந்தது. பல துறைகளில் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டியிருந்ததால் பெரும்பாலோர் அந்த மருந்தின் பக்கமே போகவில்லை. 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபினையும் வேறு சில மருந்துகளையும் அத்தியாவசியமானவை என்று தனியாகப் பிரித்து, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே போதும் என்று ஆக்கினார்கள். ஆகவே இன்று ஓர் இடத்தில் மார்ஃபின் இல்லை என்றால், அந்த ஒரு அங்கீகாரத்தைக்கூட அவர்கள் வாங்கவில்லை என்று பொருள். வலி தணிப்பதற்கென்றே போர்டு மாட்டியவர்கள் அதை வாங்காமல் இருந்தால், அவர்களிடம் வேறு எதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

இருக்கிறது என்றால், எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேள். வலி வரட்டும் என்று காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுப்போம், இடையில் வலி கிளம்பினால் தருவதற்குக் கூடுதல் மாத்திரை உங்கள் கையிலேயே இருக்கும், முதல் நாளிலிருந்தே மலச்சிக்கலுக்கும் மருந்து தருவோம் என்று பதில் வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விடுகிறவர் மார்ஃபின் கொடுத்துப் பழகாதவர் என்று நீயே கண்டுகொள்ளலாம்.

எங்களுக்கு முதலில் வாய்த்தது வீட்டுக்கே ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். சீருடை, பளபளப்பான கையேடு, கைப்பேசிச் செயலி எல்லாம் இருந்தன. பயிற்சி பெற்ற நர்ஸ் என்று சொல்லி அனுப்பியது, நர்ஸிங் படிக்காத பத்தொன்பது வயதுப் பெண். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். தனக்குத் தெரிந்த பிபி, சர்க்கரை, ஆக்சிஜன் அளவுகளை வேளை தவறாமல் குறித்துக்கொண்டே இருந்தாள். ஆறு வாரத்தில் அவள் நிரப்பிய நோட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதில் வலி எவ்வளவு என்று எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஒரு சனிக்கிழமை இரவு ஒன்றரை மணிக்கு, அண்ணன் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தபோது, அவர்களுடைய உதவி எண்ணை அழைத்தேன். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றவிட்டுக் கடைசியில் பேசியவர், ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம், ஐசியுவில் சேர்த்துவிடுங்கள் என்றார். ஐசியு வேண்டாம் என்றுதானே ஐயா உங்களிடம் வந்தோம் என்றேன். அந்த விவரம் தன்னுடைய திரையில் இல்லை என்றார்.

அதனால் நீ ஒன்று செய். பணம் கட்டுவதற்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் அவர்கள் கொடுத்திருக்கும் எண்ணை அழைத்துப் பார். எடுப்பவர் நோயாளிகளை அறிந்த சிஸ்டரா அல்லது வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் கால் சென்டர் ஊழியரா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதன் பிறகுதான் ஓர் அறக்கட்டளையின் குழு எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு டாக்டர், ஒரு சிஸ்டர், வண்டி ஓட்டிக்கொண்டே எல்லா எடுபிடியும் செய்த ஒரு தொண்டர், ஒரு பழைய ஆம்னி வேன். அண்ணனுக்குப் புகையிலையால் கன்னத்தில் வந்த புற்று அப்போது வெளியே திறந்துவிட்டிருந்தது. அந்த வாடையை எழுத்தில் சொல்ல முடியாது. ஊதுபத்தி ஏற்றினோம், சாம்பிராணி போட்டோம். கடைசியில் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவதே நின்றுபோனது. புண்ணோடு ஒட்டியிருந்த பழைய துணிக்கட்டை சிஸ்டர் உரித்து எடுக்கவில்லை. உப்பு நீரால் நனைத்து, ஊறவிட்டு, அது தானாகக் கழன்று வரும்வரை அண்ணன் ஓட்டிய லாரிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரைகளை இரண்டு ஸ்பூன்களுக்கு நடுவே வைத்து நசுக்கி மாவாக்கிப் புண்மீது தூவி, காஸ் துணி வைத்துக் கட்டினார். நாலைந்து நாளில் வாடை அடங்கியது. சின்னப் பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும் மலிவான மாத்திரை. ஆறு வாரம் சீருடையோடு எங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

என் தவற்றையும் உன்னிடம் மறைக்கக் கூடாது. மார்ஃபின் என்ற பெயரே எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் அதற்கு அடிமையாகிவிடுவாரோ, மூச்சு நின்றுவிடுமோ என்று நினைத்து, அண்ணிக்குக்கூடத் தெரியாமல் சில வேளைகளை நான் கொடுக்காமல் விட்டேன். அடுத்த முறை வந்த சிஸ்டர் அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்பது மாத்திரை மிச்சம் இருக்கிறதே சார்" என்றார். நான் தலை குனிந்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று மட்டும் கேட்டு, முற்றத்தில் உட்காரவைத்து அரை மணி நேரம் விளக்கினார். வலிக்காக அளவறிந்து கொடுக்கும்போது அடிமையாவது அரிது, மெதுவாக அளவை ஏற்றும்போது மூச்சுக்கும் ஆபத்து குறைவு, வலியோடு கிடப்பவருக்குத்தான் மருந்து நினைப்பு ஓயாது என்றார். மாத்திரையை எண்ணுவது திருட்டைத் தடுப்பதற்கு என்று நான் நினைத்திருந்தேன். கொடுக்காமல் விடும் என்னைப் போன்ற உடன்பிறப்புகளைக் கண்டுபிடிப்பதற்கும் அதுதான் வழி. வரும்போதெல்லாம் எண்ணிப் பார்ப்பீர்களா என்றும் கேட்டுவை.

இலண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து அதன் பிறகு டாக்டருக்குப் படித்தவர். உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை எல்லாவற்றிலும் சேர்ந்து வருவதே இந்த நோயாளியின் வலி என்றார் அவர். இது எனக்கு விளங்கியது, எங்கள் டாக்டர் அண்ணனிடம் "ராத்திரி மூன்று மணிக்கு மட்டும் ஏன் கூடுதலாக வலிக்கிறது?" என்று கேட்ட அன்று. பேசப் பேச, சின்ன மகனோடு நில விவகாரத்தில் நான்கு ஆண்டாகப் பேச்சு இல்லை என்பது வெளியே வந்தது. தொண்டர் ஒருவரே தாராபுரம் போய் அவனை அழைத்து வந்தார். மாத்திரை அளவு குறைந்தது என்று கதை கட்ட மாட்டேன், குறையவில்லை. ஆனால் அந்த மூன்று மணிக் கூப்பாடு நின்றது. முதல் நாள் வருகிறவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாரா, நாற்காலியை இழுத்து அக்காவின் முகத்துக்கு நேரே உட்காருகிறாரா என்று கவனி.

அக்காவை உள்ளே சேர்ப்பதாக இருந்தால், முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு மாலை நேரத்தில் போ. வரவேற்பறையும் தோட்டமும் எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும். நீ பார்க்க வேண்டியது நோயாளிகளின் உதடுகளை. காய்ந்து வெடித்திருந்தால், தண்ணீர் கேட்க முடியாதவர்களுக்கு யாரும் வாயை நனைத்துவிடுவதில்லை என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைத்ததைக் குறிக்கும் தாள் இருக்கிறதா, அதில் நாளைக் காலை வரைக்கும் இன்றே நிரப்பி வைத்திருக்கிறார்களா என்று பார். சிரிக்காதே, நான் கண்ணால் கண்டது. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை சிஸ்டர் என்பதை மேலாளரிடம் கேட்காமல் சிஸ்டரிடமே கேள். கட்டணம் வாங்காத இடம் மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணமும் வேண்டாம். 1986இல் மும்பை பாந்த்ராவில் தொடங்கிய சாந்தி ஆவேதனா சதன்தான் இந்தியாவின் முதல் ஹாஸ்பைஸ். அதுவும் பெங்களூரின் கருணாஷ்ரயாவும் நோயாளிகளிடம் பணம் வாங்குவதில்லை.

ஆனால் வீடா, ஹாஸ்பைஸா என்று இப்போதே முடிவு கட்டிவிடாதே. கோழிக்கோட்டில் 1993இல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி தணிப்பு வேலை, ஊர்த் தொண்டர்கள் வழியாக வீடுவீடாகப் போய், 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. நம் அரசின் மக்களைத் தேடி மருத்துவமும் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோதே வீட்டுக்கு வந்து வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவுச் சிகிச்சையைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அக்காவின் பெயரைப் பதிந்து வை; அவர்களால் எவ்வளவு தூரம் முடியும் என்பதை அங்குள்ள சிஸ்டரே மறைக்காமல் சொல்லிவிடுவார்.

இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு, கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேள். கடைசி நேரத்தில் வென்டிலேட்டர் வேண்டாம் என்று அக்கா விரும்பினால், அதை எழுதி வைப்பதற்கு உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் இடம் கொடுத்தது. 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கி, முன்பு கேட்ட மாஜிஸ்திரேட் கையெழுத்துக்குப் பதிலாக நோட்டரியோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ, கூட இரண்டு சாட்சிகளும் போதும் என்றது. நல்ல இடத்துக்காரர்கள் இதைத் தாங்களே எடுத்துப் பேசுவார்கள். மற்றொன்று, வீட்டில் நள்ளிரவில் உயிர் பிரிந்தால் வந்து பார்த்து, இறப்புக் காரணச் சான்றான படிவம் 4ஏவில் கையெழுத்திடுவது யார் என்பது. அண்ணன் போன அன்று விடிவதற்குள் எங்கள் டாக்டர் வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு மறுநாள் மத்தியானம் வரை அந்தக் காகிதத்துக்காக அலைந்தார்கள்.

உன் கடிதத்தில் ஆறு இடங்களின் பெயர், கட்டணம், தூரம் எல்லாம் இருந்தன. அக்கா என்ன சொல்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்களுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். அண்ணனைப் பற்றி நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவரோ எனக்கு முன்பே தெரிந்துகொண்டு என் மனம் நோகக் கூடாதென்று பேசாமல் இருந்தார்.

வரும் வெள்ளிக்கிழமை காலை வண்டியில் புறப்பட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். நீ குறித்திருக்கும் ஆறில் மூன்றை நாம் சேர்ந்து பார்த்துவிடலாம்; மற்ற மூன்றுக்கும் அதற்குள் மார்ஃபின் கேள்வியைப் போனிலேயே கேட்டுவிடு. அண்ணனுக்கு வாங்கிய காற்றுப் படுக்கையும் அதன் மோட்டாரும் பழுதில்லாமல் இருக்கின்றன, கொண்டுவருகிறேன். மோட்டாரின் வயர் கொஞ்சம் குட்டை. அக்காவின் கட்டில் தலைமாட்டுக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைச் சொல்லி வை.

அன்புடன்,
இராமநாதன்