சோக் லீவர் நிற்க மாட்டேங்குதா, தம்பி?

டிக்கோயா
தை மாதம்

அன்பு மகனுக்கு,

உன் மோட்டார் சைக்கிளை எடுத்து நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். குளிரில் எஞ்சினைக் கிளப்ப உதவுகிற சோக்கின் லீவரை முழுக்கத் தள்ளிவிட்டு விரலை எடுத்ததும் அது மெல்லத் தன் இடத்துக்குத் திரும்புகிறது, நாலைந்து செக்கனில் எஞ்சினும் நின்றுவிடுகிறது. கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ண வேண்டும் என்று கராஜில் சொன்னார்களாமே. கழற்ற விடாதே. லீவரை நீ விரலால் பிடித்திருக்கும்வரை எஞ்சின் நன்றாக ஓடுவது வீடியோவிலேயே தெரிகிறது. சோக்குக்குப் பெற்றோல் போகிற வழி அடைத்திருந்தால், பிடித்திருந்தாலும் ஓடாது. பழுது ஹேண்டிலில்தான், லீவரை நிறுத்தி வைக்கிற இறுக்கத்தில்.

உன் வண்டியில் இருப்பது காற்றை அடைக்கிற சோக் இல்லை. கார்பரேட்டரின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு பித்தளைப் பிளஞ்சர் இருக்கிறது, நுனியில் ரப்பர் வைத்தது. லீவரைத் தள்ளினால் கேபிள் அதைத் தூக்கும். அப்போது தனியாக ஒரு வழி திறந்து கூடுதல் பெற்றோல் எஞ்சினுக்குப் போகும். பிளஞ்சருக்கு மேலே இருக்கிற ஸ்பிரிங் எந்நேரமும் அதைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்கு எதிராக லீவரை நிறுத்தி வைப்பது, லீவர் திரும்புகிற அச்சில் உள்ள உராய்வு மட்டும்தான். அதற்காகவே அங்கே நெளிநெளியாக ஒரு வாஷர் போட்டிருப்பார்கள். அது தட்டையாகிப் போனாலும், அச்சு ஸ்க்ரூ அதிர்வில் தளர்ந்தாலும், யாராவது புண்ணியவான் அங்கே ஒயில் விட்டாலும் ஸ்பிரிங் ஜெயித்துவிடும். என் சந்தேகம் முதலில் ஒயில் மேல்தான். சர்விஸுக்கு விட்டால் அசைகிற இடமெல்லாம் ஸ்பிரே அடித்துத் தந்துவிடுகிறார்கள். கேபிளுக்குள் ஒயில் வேண்டும், லீவர் அச்சில் ஒரு சொட்டும் கூடாது.

பிரிப்பதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிட்டு லீவரை அசைத்துப் பார். விட்டவுடனே திரும்பினால் உராய்வே இல்லை. நிறுத்திய வண்டியில் நின்று, ஓடும்போது மட்டும் நழுவினால் உராய்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஸ்க்ரூவைக் கால் சுற்று இறுக்கினாலே தீர்ந்துவிடலாம். இரண்டு பக்கமும் எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் கதை வேறு: கேபிள் அறுந்திருக்கும், அல்லது அதன் நுனி லீவரிலிருந்து கழன்றிருக்கும். உன்னுடையது முதல் வகை மாதிரித்தான் தெரிகிறது.

பிரிக்கிற வேலை பகல் வெளிச்சத்தில், கீழே ஒரு துணி விரித்து. சாவியை எடுத்து வைத்துவிடு, லீவர் இருக்கிற ஹேண்டில் கூட்டுக்குள்தான் ஹோர்ன், சிக்னல் வயர்களும் இருக்கின்றன. இடது பக்கக் கூட்டை அனேகமாக அடியிலிருந்து இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும். தலைக்குச் சரியாக உட்காருகிற திருப்புளியாகப் பார்த்து எடு. ஜப்பான்காரர் ஸ்க்ரூவின் பிளஸ் வெட்டு சாதாரணத் திருப்புளிக்கு அவ்வளவாகப் பொருந்தாது, வழுக்கித் தலை மழுங்கிவிடும். திருப்புவதைவிட அமுக்குவதில் பலத்தைக் கொடு. அசையவில்லை என்றால் திருப்புளியின் பின்பக்கத்தில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருப்பு.

கூடு பிரிந்ததும் முதலில் போனில் படம் எடு. அச்சு ஸ்க்ரூ, தட்டை வாஷர், நெளி வாஷர், லீவர், பிளாஸ்டிக் புஷ் என்று ஏதோ ஒரு வரிசையில் இருக்கும். வண்டிக்கு வண்டி மாறும், அதனால் படம்தான் உனக்குக் கணக்கு. கழற்றிய ஒவ்வொன்றையும் அதே வரிசையில் துணியில் வை. நெளி வாஷர் சின்னது, புல்லில் விழுந்தால் கிடைக்காது.

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவு. பெற்றோல் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது கெடுத்துவிடும். ஹேண்டிலோடு இருக்கிற பாகத்தைத் தண்ணீர் படாமல் ஈரத் துணியால் துடை, சுவிட்சுக்குள் தண்ணீர் போகக்கூடாது. நன்றாகக் காயவிட்டு மாட்டிப் பார். ஒயில்தான் காரணம் என்றால் இத்தோடு வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் நெளி வாஷரைக் கண்ணாடித் துண்டு மேல் வைத்துப் பார். தட்டையாக ஒட்டிக்கொண்டால் அதன் உயிர் போய்விட்டது. குறட்டால் மெல்ல வளைத்து நெளிவைக் கொண்டு வரலாம், ஆனால் அது சில மாதத்துக்குத்தான் தாங்கும். புதிது போடுவதே மேல். ஸ்க்ரூவைக் கையோடு கொண்டுபோய் அதில் கோத்துப் பார்த்து வாங்கு. கிடைக்காத பட்சத்தில் பழைய சைக்கிள் டியூப்பில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி லீவருக்கும் கூட்டுக்கும் நடுவில் போடலாம். நன்றாகவே பிடிக்கும், ஒயில் பட்டால் மட்டும் ஊதிப்போகும்.

ஸ்க்ரூவை இறுக்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில வண்டிகளில் அச்சு ஸ்க்ரூவுக்குப் படி இருக்கும், அதாவது மரை முடிகிற இடத்தில் கொஞ்சம் பருத்திருக்கும். அந்தப் படி போய் முட்டிய பிறகு எவ்வளவு இறுக்கினாலும் லீவர் இறுகாது, மரைதான் அறுந்துபோகும். முட்டுகிற மாதிரித் தெரிந்தால் திருப்புவதை நிறுத்திவிட்டு, அரை மி.மீ. கனத்தில் இன்னொரு வாஷர் சேர். படி இல்லாத ஸ்க்ரூவாக இருந்தால் கால் கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் லீவரை அசைத்துப் பார். பாதியில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும், ஒற்றைப் பெருவிரலால் தள்ளினால் போக வேண்டும். அதற்கு மேல் ஒரு இழையும் இறுக்காதே.

மறுபடி தளராமல் இருக்க மரையில் நீல நிற லொக் பசை ஒரு சொட்டு. சிவப்பை வாங்கிவிடாதே, பிறகு கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். பசை பட்டால் பிளாஸ்டிக் விரிசல் விடலாம், அதனால் கூட்டின் மரையே பிளாஸ்டிக் என்றால் பசை வேண்டாம். மறுபக்கம் நட் போடுகிற அமைப்பாக இருந்தால் நைலோன் வைத்த நட் போதும்.

லீவர் கையில் இருக்கும்போதே கேபிளையும் பார்த்துவிடு. நுனிக் குண்டை லீவரிலிருந்து எடுத்து உள் கம்பியை விரலால் இழு. ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரிய வேண்டும், விட்டதும் டக்கென்று உள்ளே போக வேண்டும். சோம்பலாகப் போனால் கேபிள் துருப்பிடித்திருக்கிறது. உன் பக்கத்து மூடுபனிக்கு அது ஆச்சரியமில்லை. பொலித்தீன் பையின் மூலையை வெட்டிக் கேபிள் வாயில் கட்டி, தையல் மிஷின் ஒயிலை விட்டு, அடியில் சொட்டும்வரை தொங்கவிடு. அதற்குக் கேபிளைக் கார்பரேட்டர் பக்கத்திலும் கழற்றி வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயிலும் துருவும் போய்ப் பிளஞ்சரில் இறங்கும். உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்த கேபிளாக இருந்தால் ஒயில் தேவையில்லை. குண்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடு, மற்ற இழைகளும் அதே வழியில்தான் போகும்.

கேபிள் வாங்கும்போது மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதே. பழையதைப் பக்கத்தில் வைத்து மூன்றை ஒப்பிடு: உறையின் நீளம், உறைக்கு வெளியே தெரிகிற கம்பியின் நீளம், இரண்டு பக்கக் குண்டுகளின் அளவு. இரண்டாவதில்தான் ஏமாறுவார்கள். வெளியே தெரிகிற கம்பி கொஞ்சம் குட்டையாக இருந்தால் பிளஞ்சர் கடைசிவரை இறங்காது, சோக் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும்.

கார்பரேட்டர் பக்கத்தில் கைவைப்பதானால் பெற்றோல் டெப்பை மூடி, சுற்றிலும் உள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத்தான் பிளஞ்சர் நட்டைத் திருப்பு. உள்ளே விழுகிற ஒரு மணல் போதும், கராஜ்காரர் சொன்ன வேலை உண்மையாகிவிடும். அந்த நட் பல வண்டிகளில் பிளாஸ்டிக். கையால் முழுக்கத் திருப்பி, ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். விரிசல் விட்ட நட்டோடு ஓடினால் காற்று இழுக்கும், கேபிளும் நிற்காது. பிளஞ்சர் நுனி ரப்பரில் வட்டமாக ஆழத் தடம் விழுந்தோ, கல் மாதிரி இறுகியோ இருந்தால் பிளஞ்சரை மாற்று. நட்டின் மேலே உள்ள ரப்பர் தொப்பி கிழிந்திருந்தால் அதையும்.

பூட்டிய பிறகு லீவரை மூடிய நிலையில் வைத்துக் கேபிளில் 2 முதல் 3 மி.மீ. தளர்வு இருக்கிறதா என்று பார். லீவர் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் ஸ்பிரிங் பிடிக்க வேண்டும். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, எக்சிலேட்டரைத் தொடாமல் ஸ்லோவில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பு. சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது, டேங்குக்கு அடியில் போகிற வழியைச் சரிபண்ணு. சூடான எஞ்சினில் சோக்கைத் திறந்தால் ஓட்டம் மாற வேண்டும், ஏறலாம் அல்லது தடுமாறலாம். மூடியதும் பழைய ஸ்லோவுக்கு வர வேண்டும். ஒரு மாற்றமும் இல்லை என்றால்தான் கார்பரேட்டருக்குள் அடைப்பு என்று நினைக்கலாம்.

தானாகத் திரும்புகிற சோக்கால் காலையில் எரிச்சல் மட்டும்தான். தானாகத் திறந்தே கிடக்கிற சோக்தான் எஞ்சினைத் தின்னும். கூடுதல் பெற்றோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவி, கீழே எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். பிளக் கரி பிடிக்கும், சைலன்சரில் பெற்றோல் வாடை அடிக்கும். அதனால்தான் லீவரை ரப்பர் பட்டியாலோ உடுப்புக் கிளிப்பாலோ கட்டி வைக்காதே என்கிறேன். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற காலைப் பிரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் ஏறிப் போவாய், கிளிப் மத்தியானம்வரை அங்கேயே இருக்கும். சோக் திறந்திருந்தால் ஸ்லோவும் கூடியிருக்கும். ஈரமான இறக்கத்தில் எக்சிலேட்டரை விட்டாலும் வண்டி தள்ளிக்கொண்டே போகும், எஞ்சின் பிடித்து நிறுத்துகிற பலம் குறைந்துவிடும். தேயிலை மலை வளைவுகளில் அது நல்லதில்லை. வாஷர் கிடைக்கும்வரை பெருவிரலால் பிடித்துக்கொள், முழுச் சோக் அரை நிமிடம்தானே.

அரை நிமிடம் என்று சொல்வதற்குக் காரணமும் உண்டு. தை, மாசியில் உங்கள் பக்கம் புல்லில் உறைபனி பிடிக்கிற குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாமல் வழியிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும், அதனால் சோக் இல்லாமல் கிளம்பாது. ஆனால் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், நீ இருக்கிற கந்தப்பளையும் கிட்டத்தட்ட அந்த மட்டம்தான். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. காற்று குறைகிற அளவுக்குக் கார்பரேட்டர் பெற்றோலைக் குறைப்பதில்லை. கொழும்பில் செட் பண்ணிய வண்டிக்கு அங்கே ஏற்கெனவே பெற்றோல் கூடுதலாகத்தான் போகிறது. ஆகவே முழுச் சோக்கில் கிளப்பி, இருபது முப்பது செக்கனில் பாதிக்குக் கொண்டு வா, ஒன்றிரண்டு நிமிடத்தில் முழுக்க மூடு. கிளப்பும்போது எக்சிலேட்டரைத் தொடாதே. இந்த வகைச் சோக் எஞ்சின் இழுக்கிற இழுப்பில்தான் வேலை செய்யும், எக்சிலேட்டரைத் திறந்தால் அந்த இழுப்பு போய்விடும். குளிர் என்று லயத்து வீட்டுக்குள்ளேயோ மூடிய சாய்ப்புக்குள்ளேயோ வைத்து ஓடவிடாதே, புகை ஆளைக் கொல்லும்.

சோக் சரியான பிறகும் பிளக் கறுப்பாக வந்தால் அது உயரத்தின் வேலையாக இருக்கலாம். அதற்குக் கார்பரேட்டரில் பெற்றோலை அளந்து விடுகிற ஜெட்டை மாற்றுவது பற்றிப் பிறகு பேசுவோம், இப்போது காற்று ஸ்க்ரூவைத் தொடாதே.

சின்னவனும் தன் வண்டியில் சோக் ஆடுகிறது என்கிறான். அவனுடையது பழைய ஹொண்டா, லீவர் கார்பரேட்டரிலேயே இருக்கிறது, அது காற்று வழியைத் தகட்டால் அடைக்கிற வகை. அதில் லீவர் தளர்ந்தால் ஓட்டத்தில் தகடு தானாக மூடி வண்டி முக்கும். தகட்டைப் பிடிக்கிற இரண்டு குட்டி ஸ்க்ரூவும் இறுக்கமா என்று பார்க்கச் சொல், ஒன்று கழன்றால் எஞ்சினுக்குள்தான் போகும். உன் நண்பனின் வண்டியில் இருப்பது மாதிரி இழுக்கிற நொப் என்றால் இன்னும் லேசு. நொப்புக்குப் பின்னால் உள்ள ரப்பரை விலக்கினால் பலவற்றில் வரி போட்ட ஒரு நட் இருக்கும், வலப்பக்கம் திருப்பினால் இறுகும்.

நுவரெலியா டவுனில் நெளி வாஷர் கிடைக்காவிட்டால் ஸ்க்ரூவின் கனத்தையும் பழைய வாஷரின் வெளி விட்டத்தையும் அளந்து அனுப்பு, ஹட்டனில் கேட்டுப் பார்க்கிறேன். அங்கேயும் இல்லை என்றால் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும். கேபிளும் மாற்ற வேண்டியிருந்தால் அதைக் கழற்றி, ஹட்டன் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு, ஒப்பிட்டு வாங்கி வைக்கிறேன்.

அம்மா உன் கம்பளிச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறாள், வாஷரோடு சேர்த்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா