மேடை முகாமையாளராகப் பொறுப்பேற்றிருக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

இந்த ஆண்டு மாணவர் நாடகத்துக்கு நீர் மேடை முகாமையாளராகப் பொறுப்பேற்றிருக்கிறீர் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நாடகத்தை நெறியாளர் பார்த்துக்கொள்வார். அந்த நாடகத்துக்காகத் தங்கள் மாலைப்பொழுதுகளைத் தருகின்ற பிள்ளைகளை நீர்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்தப் பொறுப்பின் சாரம் அதுவே என்று உறுதியாக நம்புவதால் இதை எழுதுகிறேன்.

நடிகர் தெரிவுக்கு வருகின்ற ஒவ்வொருவரிடமும் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் மட்டுமன்றி, எந்த நாட்களில் வரமுடியாது என்பதையும் அன்றே எழுதி வாங்கும். சோதனை, ரியூசன், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள், வீட்டுக் கலியாணம் எல்லாம் அந்தத் தாளில் இருந்தால், பாத்திரம் கொடுத்த பிறகு ஒருவரும் சங்கடப்படவேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே பகுதியைக் கொடுத்து, ஆயத்தப்படுத்தவும் ஒரே அளவு நேரம் கொடும். மட்டக்களப்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்த ஒருவர் தம்முடைய ஊர்ப் பேச்சில் வாசிக்கும்போது பின்னாலிருந்து ஒரு சிரிப்பு எழுந்தால், அவர் பிறகு நாடகத்தின் பக்கமே திரும்பமாட்டார். ஆகையால் தெரிவுக்குழுவையும் உம்மையும் தவிர வேறெவரையும் அந்த அறைக்குள் இருக்க விடாதேயும். முடிவைச் சொன்ன நேரத்துக்கே தெரிவியும். தெரிவாகாதவர்களோடு தனித்தனியே பேசிய பின்னரே பட்டியல் வட்ஸ்அப் குழுவுக்குப் போகவேண்டும்.

ஒத்திகை அட்டவணையைப் பேருந்து நேரத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போடும். பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் போகவேண்டியவர்களின் காட்சிகளை முதலில் எடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, நகரத்துக்குள் இருப்பவர்களின் காட்சிகளைப் பிறகு எடுக்கலாம். வார இறுதியில் நெடுந்தீவுக்குப் போகின்ற ஒருவர் இருந்தால், குறிகாட்டுவான் இறங்குதுறையில் அவர் படகு பிடிக்கவேண்டிய நேரமும் உமக்குத் தெரிந்திருக்கவேண்டும். உடற்பயிற்சிக்கும் குரற்பயிற்சிக்கும் அரங்க விளையாட்டுக்களுக்கும் உரிய நேரத்தை அட்டவணையிலே தனியாகக் காட்டும். 1978இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய காலந்தொட்டு யாழ்ப்பாணத்து நாடகக்காரர் இத்தகைய களப்பயிற்சியை ஒத்திகையின் அங்கமாகவே கருதி வந்திருக்கின்றனர். நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டுப்படுவதும் அதுதான் என்பது எனக்கு வருத்தம்.

இனி உம்முடைய கொப்பி. கெட்டி அட்டை போட்ட மொத்தமான சீஆர் கொப்பி ஒன்றை வாங்கி, நாடக எழுத்துருவை வலப்பக்கங்களில் மட்டும் ஒட்டி, இடப்பக்கங்களை வெறுமையாக விடும். நெறியாளர் ஓர் அசைவைத் தீர்மானித்தவுடன் உரிய வசனத்தில் ஓர் இலக்கத்தை இட்டு, எதிர்ப்பக்கத்தில் அதே இலக்கத்தோடு, “தாய், ‘போகட்டும்’ என்ற சொல்லோடு எழும்பி, மேடை இடப்பக்கக் கிணற்றடிக்கு, செம்பு வலக்கையில்” என்று பென்சிலால் எழுதும். நாளைக்கு அது மாறும், அதனால்தான் பென்சில். இடமும் வலமும் சபையைப் பார்த்து நிற்கும் நடிகருடையவை என்பதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடும். மறுவாரம், செம்பு எந்தக் கையில் இருந்தது என்று இரண்டு பேர் வாதாடும்போது, உம்முடைய கொப்பி அமைதியாக விடை சொல்லும். ஒருவருடைய நினைவாற்றலையும் மற்றவர் குறைசொல்ல நேராது.

நடிகர்கள் எழுத்துருவைக் கைவிட்டு நடிக்கத் தொடங்கும் நாட்களில் கண்ணைக் கொப்பியின் பக்கத்திலிருந்து எடுக்காதேயும். அவர்களாகக் கேட்டால் மட்டும் அடுத்த வசனத்தின் முதற்சொற்களைத் தெளிவாகக் கொடும். உணர்ச்சியோடு விடப்படுகின்ற மௌனத்தை மறதியென்று எண்ணி இடையில் புகுந்தால் அந்தக் காட்சியே குலைந்துவிடும். எது மௌனம், எது மறதி என்பது நாள்தோறும் உடனிருந்து பார்த்தால் உமக்கே பிடிபடும்.

நாடகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கில் என்றால், முன்கூட்டியே அனுமதி பெற்று, நாடாவோடு போய் மேடையின் அகலத்தையும் ஆழத்தையும் பக்கத் திரைகளின் இடங்களையும் அளந்து வந்து, ஒத்திகை அறையின் தரையில் வெண்கட்டியால் கீறிவிடும். அறை சிறிதென்றால் மேடையின் ஒரு பாதியையாவது சரியான அளவில் கீறும்.

அட்டவணையின் முதல் வரைவு ஆயத்தமானதும் எனக்கு அனுப்பும். நெறியாளருக்குக் கொடுப்பதற்கு முன்னர் இருவரும் இருந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா